தொகை சரி, தலைப்பு தப்பு

நான் வங்கியில் எழுத்தராகச் சேர்ந்தது 1976-ல். சேர்ந்த மூன்றாம் மாதமே ஒரு தப்புச் செய்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கும்.

அப்போது எல்லாம் கையெழுத்து வேலை. சேமிப்புக் கணக்கு லெட்ஜர் ஒவ்வொன்றும் அம்மிக்கல் கனம். வவுச்சரைப் பார்க்க வேண்டும், ஃபோலியோவைப் புரட்ட வேண்டும், தேதி, விவரம், பற்று, வரவு, பாக்கி என்று ஒவ்வொரு கட்டமாக எழுத வேண்டும். ஒரு நாள் பென்ஷன் வரவு வவுச்சர் ஒன்று வந்தது. அந்தக் கிளையில் ஒரே பெயரில் இரண்டு பென்ஷன்தாரர்கள் இருந்தார்கள். நான் கணக்கு எண்ணைப் பார்க்கவில்லை. பெயரை மட்டும் பார்த்து, மற்றவர் பக்கத்தில் எழுதிவிட்டேன். சாயங்காலம் டே புக் பைசா பிசகாமல் டாலி ஆயிற்று. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் பணத்துக்கு உரியவர் வந்தார். "இன்னும் வரலைங்க ஐயா" என்று நானே சொல்லி அனுப்பினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு வந்த வழியே போய்விட்டார். இரண்டு நாள் கழித்து அந்த இன்னொருவர் பாஸ்புக் பதிய வந்து, "தம்பி, இந்தப் பணம் என்னுது இல்லையே" என்று சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

ஹெட் கிளார்க் என்னைத் திட்டவில்லை. "டாலி ஆச்சுன்னா கூட்டல் கழித்தல் சரின்னு அர்த்தம் தம்பி. யாருக்கு, எதுக்குன்னு டாலி சொல்லாது" என்றார். அவ்வளவுதான். 38 வருஷம் அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளி 2014-ல் ஓய்வு பெற்றேன்.

பிறகு, எழுபது வயதுக்கு மேல், அதே தப்பை மறுபடி செய்தேன். இந்த முறை என் வீட்டுக் கணக்கில், கம்ப்யூட்டரின் துணையோடு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. ஆனால் வீட்டுக் கணக்கு எப்படிக் கம்ப்யூட்டருக்குள் போயிற்று, வங்கி ஸ்டேட்மெண்டை அது எப்படி வாங்கிக்கொண்டு தலைப்பு வாரியாகப் பிரிக்கிறது என்ற கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். நாற்பது வருஷத்துச் சரித்திரம் அது. நம்மில் பலர் அதன் நடுவிலேயே வாழ்ந்தும் கவனிக்காமல் விட்டது.

நம் வீடுகளில் கணக்கு என்றால் என்ன? ஒரு நாற்பது பக்க நோட்டு. பால், காய்கறி, மளிகை, கரண்ட் பில், பள்ளிக்கூடச் சம்பளம். செலவின் பெயர்தான் முதலில் வரும், தொகை பிறகு. பணம் பீரோவிலிருந்து வந்ததா, வங்கியிலிருந்து வந்ததா என்பதை யாரும் எழுதுவதில்லை. கடை வைத்திருப்பவர்கள் மட்டும் நாள்வழி, பேரேடு, ஐந்தொகை என்று முறையாக எழுதினார்கள்.

அமெரிக்காவில் வழக்கம் வேறு. மின்சாரம், தொலைபேசி, வாடகை எல்லாவற்றுக்கும் காசோலை எழுதித் தபாலில் அனுப்புவார்கள். காசோலைப் புத்தகத்தோடு ஒரு சின்னப் பதிவேடும் இருக்கும். எந்தத் தேதி, யாருக்கு, எவ்வளவு, மீதி என்ன என்று அதில் எழுதி வைப்பார்கள். மாதக் கடைசியில் வங்கி அனுப்பும் ஸ்டேட்மெண்டோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆக, அவர்களுடைய வீட்டுக் கணக்கு வங்கிக் கணக்கைச் சுற்றியே வளர்ந்தது.

1983-ல் கலிஃபோர்னியாவில் ஸ்காட் குக் என்பவரின் மனைவி, மாதாமாதம் பில் கட்டுவது பெரிய தொல்லையாக இருக்கிறது என்று அலுத்துக்கொண்டாராம். குக் சோப்பு, எண்ணெய் விற்கும் பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியில் வேலை பார்த்தவர். வீட்டுப் பெண்களுக்கு என்ன தேவை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் அங்கிருந்து வந்திருக்கும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் டாம் ப்ரூவைச் சேர்த்துக்கொண்டு இன்ட்யூட் என்ற கம்பெனியை ஆரம்பித்தார். அவர்கள் செய்த மென்பொருளின் பெயர் குவிக்கன். அதன் சாமர்த்தியம், திரையில் ஒரு காசோலையையே படமாகக் காட்டியதுதான். கணக்குப் படிக்காதவருக்கும் காசோலை எழுதத் தெரியும் அல்லவா?

அதே 1983-ல் நம் ஊரில் என்ன நடந்தது தெரியுமா? வங்கிகளில் இயந்திரம் வைப்பது பற்றி நிர்வாகத்துக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் ஒப்பந்தம் ஆனது. அடுத்த வருஷம் ரங்கராஜன் குழு, கிளைகளில் எந்தெந்த வேலையைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கலாம் என்று அறிக்கை கொடுத்தது. பின்னாளில் ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்த சி. ரங்கராஜன்தான் அவர், அரியலூரில் பிறந்தவர். கம்ப்யூட்டர் வந்தால் வேலை போய்விடும் என்று வாசலில் நின்று கோஷம் போட்டவர்களில் நானும் ஒருவன். அதே ஆள்தான் இன்றைக்கு லேப்டாப்பில் கணக்கு எழுதுகிறேன்.

ஆரம்ப காலக் குவிக்கனில் எல்லாவற்றையும் நாமேதான் தட்டச்சு செய்ய வேண்டும். வங்கி அனுப்பிய காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக அடிக்க வேண்டும். வங்கியின் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருப்பதை மறுபடி ஏன் அடிக்க வேண்டும் என்ற கேள்வி வந்ததும், கோப்பாக வாங்கி உள்ளே சேர்க்கும் வழி பிறந்தது.

அப்படி வந்த கோப்பு முறைதான் க்யூ.ஐ.எஃப். திறந்து பார்த்தால் வெறும் எழுத்துகள்தான். ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் அந்த வரி என்ன என்று சொல்லும். தேதிக்கு ஓர் எழுத்து, தொகைக்கு ஓர் எழுத்து. 'பி' என்று தொடங்கினால் பணம் யாருக்குப் போயிற்று என்பது. 'எல்' என்று தொடங்கினால் செலவின் தலைப்பு. கடைசியில் கூரை மாதிரி ஒரு குறி வந்தால் ஒரு பதிவு முடிந்தது. நம் வவுச்சரைப் போலவேதான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தேதியை வங்கி நிரப்பிவிடும். தொகையை நிரப்பிவிடும். யாருக்கு என்பதையும் ஓரளவு நிரப்பிவிடும். அந்த 'எல்' வரியை மட்டும் வங்கியால் நிரப்ப முடியாது. நான் மருந்துக் கடையில் 400 ரூபாய் கொடுத்தது வங்கிக்குத் தெரியும். வாங்கியது மாத்திரையா, பேரனுக்குச் சாக்லேட்டா என்பது எனக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு இந்தத் துறையில் நடந்ததெல்லாம், அந்த ஒரு வரியை எப்படியாவது ஊகித்து நிரப்பும் முயற்சி என்றே சொல்லலாம்.

க்யூ.ஐ.எஃப். முறையில் இன்னொரு குறையும் உண்டு. பதிவுகளுக்குத் தனி அடையாள எண் கிடையாது. ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு கோப்பு இறக்கி, பிறகு மார்ச் முதல் மே வரை இன்னொன்று இறக்கினால், மார்ச் மாதம் இரண்டு தடவை ஏறிவிடக்கூடும். மென்பொருள் தேதியையும் தொகையையும் வைத்து, "இது ஏற்கெனவே இருக்கிறதே" என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரே நாளில் ஒரே கடையில் இரண்டு தடவை 50 ரூபாய் கொடுத்திருந்தால் அதுவும் குழம்பும்.

இதற்குள் வீட்டுக் கணக்கு பெரிய வியாபாரமாகிவிட்டது. மைக்ரோசாஃப்ட் 1991-ல் மணி என்ற பெயரில் போட்டி மென்பொருளைக் கொண்டுவந்தது. குவிக்கனை ஜெயிக்க முடியவில்லை. 1994 அக்டோபரில் இன்ட்யூட் கம்பெனியையே சுமார் 150 கோடி டாலருக்கு வாங்கிவிடுவதாக அறிவித்தது. அமெரிக்க நீதித்துறை 1995 ஏப்ரலில் வழக்குப் போட்டது. மே மாதம் மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. ஒரு வீட்டுக் கணக்கு நோட்டுக்கு இவ்வளவு பெரிய சண்டை! மக்கள் எதற்குச் செலவு செய்கிறார்கள் என்பதை அறிந்தவன் கையில் எவ்வளவு இருக்கிறது என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

சண்டை போட்ட அதே இரண்டு கம்பெனிகளும், பில் கட்டும் சேவை நடத்திய செக்ஃப்ரீ என்ற கம்பெனியும் சேர்ந்து 1997-ல் ஓ.எஃப்.எக்ஸ். என்ற பொது முறையை வெளியிட்டன. அதில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் வங்கியே ஓர் அடையாள எண் கொடுக்கும். ஒரு தடவை ஏறிய எண் மறுபடி வந்தால் மென்பொருள் அதை ஒதுக்கிவிடும். எங்கள் காலத்தில் வவுச்சருக்கு ஸ்க்ரோல் நம்பர் போட்டதும் இதே காரணத்துக்காகத்தான். காசோலையா, ஏ.டி.எம்.மா, வட்டியா என்ற வகையையும் அந்தக் கோப்பு சொல்லிவிடும். ஆனால் வீட்டுக்கு வேண்டிய தலைப்பு? அது அப்போதும் நம் பாடுதான்.

அந்தத் தலைப்பை ஊகிக்கும் வழிகள் ஒவ்வொன்றாக வந்தன. முதல் வழி ஞாபகம். போன தடவை இந்தப் பெயருக்கு என்ன தலைப்புப் போட்டோமோ, அதையே இந்தத் தடவையும் போடுவது. இரண்டாவது வழி விதி. "விவரத்தில் மின்வாரியம் என்று இருந்தால் கரண்ட் பில் என்று எழுது" என்று நாமே சொல்லி வைப்பது. மூன்றாவது வழி அட்டைகளோடு வந்தது. கிரெடிட் கார்டு வாங்கிக்கொள்ளும் ஒவ்வொரு கடைக்கும் நாலு இலக்கக் குறியீடு ஒன்று உண்டு. மளிகைக்கு 5411, ஓட்டலுக்கு 5812, மருந்துக் கடைக்கு 5912. குறியீட்டைப் பார்த்தால் தலைப்பு தெரிந்துவிடும் என்று நினைப்போம். ஆனால் அது கடையின் தொழிலைச் சொல்லுமே தவிர நாம் வாங்கிய பொருளைச் சொல்லாது. ஒரே கடையில் அரிசி, மாத்திரை, மிக்சி எல்லாம் விற்கிற காலம் இது.

நாலாவது வழிதான் சுவாரசியமானது. தாமஸ் பேய்ஸ் என்று இங்கிலாந்தில் ஒரு பாதிரியார். 1761-ல் இறந்துபோனார். அவர் எழுதி வைத்திருந்த கணிதக் கட்டுரையை ரிச்சர்ட் ப்ரைஸ் என்ற நண்பர் எடுத்துக் கொடுக்க, 1763-ல் ராயல் சொசைட்டி அச்சிட்டது. கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களை வைத்து, கண்ணுக்குத் தெரியாத காரணம் எதுவாக இருக்கும் என்று கணிப்பது எப்படி என்பதுதான் விஷயம். இருநூறு வருஷத்துக்கு மேல் கழித்து, 2002-ல் பால் கிரஹாம் என்பவர் குப்பை மின்னஞ்சலைப் பிரிக்க இந்தக் கணக்கைப் பயன்படுத்தலாம் என்று எழுதிய கட்டுரை பரவலாகப் பேசப்பட்டது. குப்பைக் கடிதத்தைச் சொற்களை வைத்து அடையாளம் காணலாம் என்றால், செலவின் தலைப்பையும் அப்படிக் காணலாம் அல்லவா?

நான் பயன்படுத்தும் க்னூகேஷ் அப்படித்தான் செய்கிறது. இது காசு கொடுக்க வேண்டாத மென்பொருள். 1998-ல் முதல் பதிப்பு வந்தது. உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் எழுதி வளர்த்தது. பெரும்பாலான வீட்டுக் கணக்கு மென்பொருள்களைப் போல இல்லாமல் முழு இரட்டைப் பதிவு முறை, பற்றும் வரவும் சமமாக வேண்டும். வங்கிக்காரனுக்கு இதைவிட வேறென்ன சந்தோஷம்? என் மகன் விடுமுறைக்கு வந்தபோது போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான்.

அது வேலை செய்யும் விதம் இதுதான். ஸ்டேட்மெண்டின் விவர வரியைத் தனித்தனிச் சொற்களாக உடைக்கும். ஒவ்வொரு சொல்லும் இதற்கு முன் எந்தத் தலைப்பில் எத்தனை தடவை வந்தது என்று எண்ணி வைத்திருக்கும். புது வரி வந்ததும் அந்தச் சொற்களின் எண்ணிக்கையைச் சேர்த்துப் பார்த்து, எந்தத் தலைப்புக்கு வாய்ப்பு அதிகம் என்று கணிக்கும். அன்றைக்கு என்ன கிழமை என்பதைக்கூட ஒரு சொல்லாக எடுத்துக்கொள்ளும். தலைப்பு கிடைத்துவிட்டால் வரி பச்சையாகும். கிடைக்காவிட்டால் மஞ்சளாக நிற்கும். நாம் ஒன்றும் செய்யாமல் விட்டால் 'இம்பேலன்ஸ்' என்ற தனிக் கணக்கில் போய் விழும். பார்த்தவுடனே சிரித்துவிட்டேன். நம் அனாமத்துக் கணக்கேதான்! தலைப்புத் தெரியாத பணத்தை அனாமத்தில் போட்டு வைத்து, வருஷக் கடைசியில் ஆடிட்டர் வருவதற்குள் முட்டி மோதித் தீர்ப்போமே, அதே ஆசாமி.

இங்கே நம் ஊர்த் தொல்லைகளையும் சொல்ல வேண்டும். என் வங்கி கொடுப்பது ஓ.எஃப்.எக்ஸ். அல்ல, சி.எஸ்.வி. எனப்படும் சாதாரணக் கோப்பு. காற்புள்ளி வைத்துப் பிரித்த வரிகள், அவ்வளவுதான். முதல் தடவை ஏற்றியபோது 03/04 என்ற தேதி ஏப்ரல் மூன்றுக்குப் பதில் மார்ச் நாலாகப் போயிற்று. அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுகிறார்கள். எது மாதம் என்று நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். 1,25,000 என்ற தொகைக்குள் இருக்கும் காற்புள்ளியை வேறு அது சரியாகப் புரிந்துகொள்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்தக் கட்டம் பற்று, எந்தக் கட்டம் வரவு என்றும் காட்ட வேண்டும். என் வைப்புத்தொகையிலிருந்து சேமிப்புக் கணக்குக்கு நானே மாற்றிய பணத்தை வருமானம் என்று எழுதிவிட்டு, திடீரென்று பணக்காரனாகிவிட்டோமே என்று அரை நாள் திகைத்ததும் உண்டு.

பிறகு யு.பி.ஐ. 2016 ஏப்ரலில் 21 வங்கிகளோடு வெள்ளோட்டம் விட்டார்கள். இன்றைக்குக் கீரைக்காரம்மா கூடையிலும் அந்தக் கட்டம் போட்ட அட்டை தொங்குகிறது. முன்பெல்லாம் மாதத்துக்கு நாலு வரி இருந்த என் ஸ்டேட்மெண்ட் இப்போது நூறு வரி ஓடுகிறது. முன்பு பணமாகக் கொடுத்து மறந்துபோன பத்து ரூபாய் டீகூட வங்கிப் பதிவாகிவிட்டது. இவ்வளவையும் கையால் பிரிக்க முடியாது, ஊகம் வேண்டியதுதான். ஆனால் விவரத்தில் என்ன இருக்கிறது? ஒரு 12 இலக்க எண், வங்கியின் பெயர்ச் சுருக்கம், பாதியில் வெட்டிய ஓர் ஆள் பெயர். நம் ஊரில் சின்னக் கடைக்காரர்கள் சொந்தப் பெயரில்தான் கணக்கு வைத்திருக்கிறார்கள். மளிகை என்றோ மருந்து என்றோ அதில் இருக்காது. முருகன் என்று இருக்கும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் வீடு திருச்சி உறையூரில். நான் வெள்ளிக்கிழமை காலையில் கோவிலுக்குப் போய்விட்டு வரும்போது தெருமுனைக் கடையில் டிபன் வாங்கி வருவேன். கடைக்காரர் பெயர் முருகன். கணக்கை ஆரம்பித்த மாதம் 'முருகன்' என்று வந்த வரிகளுக்கெல்லாம் 'ஓட்டல்' என்று தலைப்புப் போட்டேன். மென்பொருள் கற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு எல்லாம் பச்சை. நானும் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

வருஷக் கடைசியில் அறிக்கை எடுத்தேன். ஓட்டல்: 28,150 ரூபாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு பேர் இருக்கிற வீட்டில், அதிலும் ஒருவனுக்குச் சர்க்கரை, இவ்வளவு ஓட்டலா? நான் வாங்கும் டிபன் அதில் கால் பங்குகூட வராதே. கணக்கு இரண்டு பேருக்கும் கூட்டுக் கணக்கு. என் போனில் நான் கட்டுவது எனக்குத் தெரியும். மிச்சம் அவள் போனில் இருந்துதான் போயிருக்க வேண்டும்.

சமையலறை வாசலில் நின்று கேட்டேன். கேட்ட விதமும் சரியில்லை.

"என்ன, வாரத்துல ரெண்டு நாள் ஓட்டல்ல சாப்பாடா உனக்கு? வருஷத்துக்கு இருபதாயிரம் ஆகியிருக்கு."

அவள் திரும்பிப் பார்த்தாள். "யாருங்க ஓட்டலுக்குப் போனது?"

"கணக்குச் சொல்லுது."

"உங்க கணக்கா சொல்லுது?" என்று கேட்டுவிட்டு, அடுப்பைச் சின்னதாக்கி வைத்து, உள்ளே போய்த் தன் நோட்டை எடுத்து வந்தாள். அவள் நோட்டில் வங்கி கிடையாது, இரட்டைப் பதிவு கிடையாது. தேதி, செலவு, தொகை, அவ்வளவுதான். செவ்வாய், ஆட்டோ, 300. வெள்ளி, ஆட்டோ, 300. மறுபடி செவ்வாய், ஆட்டோ, 300.

ஆட்டோக்காரர் பெயரும் முருகன்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவளுக்கு முழங்கால் வலி அதிகமாகி, தில்லை நகரில் பிசியோதெரபிக்குப் போகச் சொன்னார்கள். முதல் இரண்டு தடவை நானும் போனேன். பிறகு எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆயிற்று. "நீங்க வெயில்ல வர வேணாம், நான் ஆட்டோவுல போய்ட்டு வந்துடறேன்" என்றாள். பத்துத் தடவை போனால் போதும் என்று டாக்டர் சொன்னதாக எனக்கு ஞாபகம். முடிந்திருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவள் போகிற நேரத்தில் நான் பென்ஷனர் சங்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். சிகிச்சைக்கான கட்டணத்தைக் கையில் ரொக்கமாகக் கொடுத்திருக்கிறாள். அதனால் அது என் ஸ்டேட்மெண்டுக்கே வரவில்லை. ஆட்டோ வாடகை மட்டும் ஸ்டேட்மெண்டில் வந்தது, ஓட்டல் என்ற பெயரில்.

"இன்னும் போய்க்கிட்டா இருக்கே? ஏன் சொல்லலே?" என்றேன்.

"நீங்க கேக்கவே இல்லையே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் மேஜையில் உட்கார்ந்தோம். அவள் நோட்டிலிருந்து தேதியை வாசித்தாள். நான் திரையில் வரியைத் தேடி டிக் போட்டேன். 68 வரிகள். 20,400 ரூபாய். மிச்சம் 7,750 ரூபாய்தான் நிஜமான ஓட்டல் செலவு, அதுவும் என்னுடையது. ஆட்டோ வரிகள் எல்லாவற்றையும் எடுத்து, 'முழங்கால்' என்று புதுத் தலைப்பு ஒன்று திறந்து அதில் போட்டேன். மருந்து என்ற தலைப்பில் இருந்த தைலம், மாத்திரை செலவையும் அதில் சேர்த்தேன். அவள் நோட்டைப் பார்த்து ரொக்கமாகக் கொடுத்த கட்டணத்தையும் எழுதினேன். மொத்தத்தைப் பார்த்தபோதுதான், இந்த எட்டு மாதமும் அவள் எவ்வளவு வலியோடு நடமாடியிருக்கிறாள் என்று எனக்கு உறைத்தது. பக்கத்து அறையில் இருந்தவன் நான்.

மென்பொருளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஒரு சொல்லுக்கு ஓட்டல் என்று நான் சொல்லிக் கொடுத்தேன், அது அப்படியே செய்தது. டிபனும் வெள்ளிக்கிழமை, ஆட்டோவும் வெள்ளிக்கிழமை. அதனிடம் இருந்த சாட்சிகளை வைத்துப் பார்த்தால் அதன் தீர்ப்பு சரிதான். ஒவ்வொரு மாதமும் பாக்கி பைசா பிசகாமல் வங்கியோடு ஒத்துப் போயிற்று. 1976-ல் அந்தப் பெரியவரைத் திருப்பி அனுப்பினேனே, அன்றைக்கும் டே புக் டாலிதான்.

அமெரிக்காவில் மின்ட் என்று ஒரு சேவை இருந்தது. 2007-ல் ஆரம்பித்தது, எல்லா வங்கிக் கணக்கையும் தானே இழுத்துத் தானே தலைப்பும் போட்டுவிடும். 2009-ல் இன்ட்யூட் அதை வாங்கியது, 2024-ல் மூடிவிட்டது. மைக்ரோசாஃப்ட் மணியும் 2009-லேயே விற்பனையை நிறுத்திவிட்டது. நம் நாட்டிலும் அக்கவுண்ட் அக்ரிகேட்டர் என்ற முறைக்கு ரிசர்வ் வங்கி 2016-ல் விதிகள் வெளியிட்டு, 2021-ல் அது நடைமுறைக்கு வந்தது. நம் சம்மதத்தோடு ஒரு வங்கியின் விவரம் இன்னொரு நிறுவனத்துக்குப் போகும். இனி ஸ்டேட்மெண்ட் இறக்கும் வேலைகூட நமக்கு இருக்காது. கம்பெனிகள் வரும், போகும். கோப்பு முறை மாறும். ஊகமும் இன்னும் கூர்மையாகும். ஆனால் அந்த 'எல்' வரி யாரிடம் இருக்கிறது என்பது மட்டும் மாறப்போவதில்லை. என் வீட்டில் அது ஒரு நாற்பது பக்க நோட்டில் இருந்தது.

என்னைப் போல ஓய்வுக்குப் பிறகு இதில் இறங்கியிருக்கும் நண்பர்களுக்கு என் அனுபவத்தில் மூன்று வார்த்தை. மாதம் ஒரு தடவையாவது பச்சை வரிகளையும் திறந்து பாருங்கள். தப்பு மஞ்சளில் இருக்காது, மஞ்சளைத்தான் எப்படியும் பார்த்துவிடுவோமே. ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் யு.பி.ஐ. அனுப்பும்போதே குறிப்புக் கட்டத்தில் 'ஆட்டோ', 'டிபன்' என்று ஒரு சொல் எழுதுங்கள். பல ஸ்டேட்மெண்டுகளில் அதுவும் வரும், மென்பொருளுக்கு அது நல்ல சாட்சி. மூன்றாவது, அறிக்கையில் ஒரு தொகை ஆச்சரியமாக இருந்தால், வீட்டில் இருப்பவரைக் கேட்பதற்கு முன் வரிகளைப் பாருங்கள். அப்படியே கேட்டாலும், "இது என்ன செலவு?" என்று கேளுங்கள். நான் கேட்ட மாதிரி கேட்காதீர்கள்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் சங்கத்துக்குப் போவதில்லை. முருகன் ஆட்டோவில் இரண்டு பேருமாகப் போகிறோம். வாடகை அதே 300 ரூபாய்தான். வீட்டுக்கு வந்ததும் அவள் நோட்டில் எழுதிவிடுகிறாள். மாதக் கடைசியில் அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் லேப்டாப்பைத் திறக்கிறேன்.